சிலேட்டுக்குத் திரும்பின கதை



எந்த கிளாஸுக்குள்ள போனாலும் இப்போ மூணு வகை ஆட்களைப் பார்க்கலாம். முதல் வகை: கலர் கலரா ஜெல் பேனா, ஸ்கேல் வச்சு மார்ஜின், அட்டை போட்ட நோட்டு. செமஸ்டர் நெருங்க நெருங்க இவங்களுக்கு மட்டும் திடீர்னு நண்பர்கள் பெருகுவாங்க. ரெண்டாவது வகை: எல்லா சப்ஜெக்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு ரஃப் நோட்டு. அதுலயும் கடைசிப் பக்கத்துல பேனா எழுதுதான்னு கிறுக்கிப் பார்த்ததுதான் அதிகம். மூணாவது வகை: பையில இருந்து டேப்லெட்டை எடுத்து, ஓரத்துல ஒட்டியிருக்குற பேனாவை ஸ்டைலா உருவுவாங்க. முன்னாடி பெஞ்ச், பின்னாடி பெஞ்ச் ரெண்டும் ஒரு நிமிஷம் திரும்பிப் பார்க்கும்.

நான் இப்போ மூணாவது வகை. ஈசிஇ மூணாம் வருஷம். நாலாவது செமஸ்டர்ல இருந்து என் கிளாஸ் நோட்ஸ் எல்லாம் டேப்லெட்லதான். அதனாலேயே ஜூனியர்ஸ் கிட்ட இருந்து வாரத்துக்கு ஒரு தடவையாவது இந்தக் கேள்வி வந்துடும்: "அக்கா, டேப் வாங்கலாமா? வொர்த்தா?"

மெஸ் வரிசையில தட்டோட நின்னுக்கிட்டு ரெண்டு நிமிஷத்துல இதுக்குப் பதில் சொல்ல முடியல. அதனாலதான் இந்தக் கட்டுரை. எந்த மாடல் வாங்கணும், எந்த ஆஃபர்ல வாங்கணும்னு சொல்ல யூடியூப்ல ஆயிரம் பேர் இருக்காங்க. நான் சொல்லப் போறது, வீட்டுல காசு எண்ணிப் பார்த்துச் செலவு பண்ற ஒரு ஸ்டூடன்ட், பேப்பரை விட்டுட்டு டேப்லெட்டுக்குப் போனா என்ன கிடைக்கும், என்ன கிடைக்காதுன்னு.

எனக்கு ஏன் தேவைப்பட்டுச்சு?

எங்க ஊர் தூத்துக்குடி மாவட்டம், ஏரல் பக்கம். தாமிரபரணிக் கரை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகள்ல தென் மாவட்டங்கள்ல பெய்ஞ்ச மழையை நீங்க மறந்திருக்க மாட்டீங்க. காயல்பட்டினத்துல மட்டும் 24 மணி நேரத்துல கிட்டத்தட்ட 95 சென்டிமீட்டர். திருச்செந்தூர்ல இருந்து கிளம்பின ரயில் ஸ்ரீவைகுண்டத்துலேயே நின்னுபோய், பயணிகள் ரெண்டு நாள் மாட்டிக்கிட்டாங்களே, அதே மழை.

நான் அப்போ முதல் வருஷம். முதல் செமஸ்டர் எக்ஸாமுக்குப் படிக்கலாம்னு எல்லா நோட்டையும் பையில திணிச்சுக்கிட்டு சனிக்கிழமைதான் ஹாஸ்டல்ல இருந்து வீட்டுக்கு வந்திருந்தேன். மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ், ஃபிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பைத்தான், தமிழர் மரபு, அஞ்சும் கையில. ஞாயித்துக்கிழமை ராத்திரி தண்ணி தெருவுக்கு வந்துச்சு. விடியறதுக்குள்ள வீட்டுக்குள்ள வந்துடுச்சு. நாங்க உடுத்தின துணியோட பக்கத்துத் தெரு மாடி வீட்டுக்குப் போயிட்டோம்.

தண்ணி வடிஞ்சு திரும்பி வந்தப்போ போனது என்னென்னனு அம்மா ஒவ்வொண்ணா எண்ணிக்கிட்டு இருந்தாங்க. தையல் மெஷின், அரிசி, மெத்தை, தைக்கக் கொடுத்திருந்தவங்களோட பிளவுஸ் துணி, ஃப்ரிட்ஜ். அந்தப் பட்டியல்ல என் நோட்டு கடைசியிலதான் வரும். இருந்தாலும் அடுத்த மாசம் எக்ஸாம் எழுத வேண்டிய எனக்கு அது பெரிய விஷயம்தான்.

நனைஞ்ச நோட்டைப் பார்த்திருக்கீங்களா? ஜெல் பேனாவுல எழுதினது முழுக்க நீலக் கறையாப் போச்சு. பால்பாயின்ட்ல எழுதினது அழியல. ஆனா சேறு காய்ஞ்சு தாளோட தாள் ஒட்டிக்கிட்டதால பிரிச்சா கிழிஞ்சுது. மொட்டை மாடியில ஒரு வாரம் காயப் போட்டும் அஞ்சு நோட்டுல உருப்படியா மிஞ்சினது பத்து இருபது பக்கம் இருக்கும்.

ஆனா ஒரு விஷயம் நடந்துச்சு. நவம்பர்ல என் ரூம்மேட் காய்ச்சல்ல படுத்திருந்தா. அவளுக்காகக் கெமிஸ்ட்ரி ரெண்டாவது யூனிட்டையும் மேட்ரிசஸ் முழுசையும் போன்ல போட்டோ எடுத்து அனுப்பியிருந்தேன். மொத்தம் 34 பக்கம். என் போனும் தண்ணியில போயிடுச்சு. அவ போன்ல அந்த 34 பக்கமும் அப்படியே இருந்துச்சு. அதைத் திருப்பி அனுப்பினா. மத்த யூனிட்டுக்கெல்லாம் கிளாஸ் குரூப்ல ஆளாளுக்கு அவங்கவங்க நோட்டைப் படம் எடுத்துப் போட்டாங்க. அதை வச்சுத்தான் படிச்சேன், பாஸ் பண்ணேன்.

பத்திரமா நான் வச்சிருந்த நோட்டு ஒண்ணும் மிஞ்சல. அடுத்தவங்களுக்குக் கொடுத்த நோட்டு மட்டும்தான் மிஞ்சுச்சு. டேப்லெட் பத்தி நான் சொல்லப் போற எல்லாத்துக்கும் இதுதான் அடிப்படை. இதை மனசுல வச்சுக்கிட்டு மேல படிங்க.

காசுக் கணக்கு

"டேப் வாங்கினா நோட்டுக் காசு மிச்சம்"னு வீட்டுல சொல்லி வாங்கலாம்னு சிலர் பிளான் போடுறாங்க. தயவுசெஞ்சு அந்தக் கணக்கைச் சொல்லாதீங்க, உடனே மாட்டிப்பீங்க. நானே போட்டுப் பார்த்தேன்.

ஒரு செமஸ்டருக்கு 6 சப்ஜெக்ட். சப்ஜெக்டுக்கு ஒரு 200 பக்க லாங் சைஸ் நோட்டு. 8 செமஸ்டருக்கு 48 நோட்டு. ஒண்ணு 70 ரூபாய்னு வச்சாலும் மொத்தம் 3,360 ரூபாய். ஜெராக்ஸ் செலவையும் சேர்த்தா இன்னும் ரெண்டாயிரம் கூடும். பேனாவோட சேர்ந்து என் டேப்லெட் 24,000 ரூபாய். நோட்டுக் காசை மிச்சம் பிடிச்சு டேப்லெட் காசை எடுக்கணும்னா நான் பதினெட்டு, இருபது வருஷம் பி.இ. படிக்கணும்!

"மரத்தைக் காப்பாத்துறோம்"ங்கிற வசனமும் அவ்வளவு சுலபமா நிக்காது. ஒரு 200 பக்க நோட்டு சுமார் 300 கிராம். நாலு வருஷத்துக்கு 14, 15 கிலோ காகிதம். அதுவும் நம்ம ஊர்க் காகிதம் எல்லாமே மரத்துல இருந்து வர்றது இல்ல. கரூர் பக்கம் காகிதபுரத்துல இருக்குற தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம், அதாவது டிஎன்பிஎல், சர்க்கரை ஆலைகள்ல சாறு பிழிஞ்சு மிஞ்சுற கரும்புச் சக்கையை முக்கிய மூலப்பொருளா வச்சுக் காகிதம் பண்ணுது. இந்தப் பக்கம் டேப்லெட்டைப் பார்த்தா பேட்டரிக்கு லித்தியம், உள்ளே சிப், அலுமினியம், கண்ணாடி. நிறுவனங்கள் அவங்களே வெளியிடுற சுற்றுச்சூழல் அறிக்கைகளைப் பாருங்க. ஒரு டேப்லெட்டோட ஆயுசுல வெளியாகுற கார்பன்ல பெரும்பங்கு, அது உங்க கைக்கு வர்றதுக்கு முன்னாடி தயாரிப்புலேயே முடிஞ்சுடுது. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை புது மாடல் மாத்துறவங்களைப் பசுமைக் காவலர்னு சொல்ல முடியாது. ஒரே டேப்லெட்டை ஆறேழு வருஷம் ஓட்டினா ஏதோ கொஞ்சம் நியாயம் இருக்கு.

சரி, எனக்குக் காசு எங்க இருந்து வந்துச்சு? நான் ஆறாம் வகுப்புல இருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி. அதனால புதுமைப் பெண் திட்டத்துல மாசம் 1,000 ரூபாய் வருது. அதை 14 மாசம் தொடாம வச்சிருந்தேன். மீதி 10,000 ரூபாய் அம்மா மகளிர் குழுவுல கடனா எடுத்துக் கொடுத்தாங்க. அடுத்த பத்து மாசமும் எனக்கு வந்த ஆயிரம் அந்தக் கடனுக்கே போச்சு.

டேப்லெட்டைப் பார்த்துட்டு அம்மா சொன்னது: "எட்டி, ஒண்ணாங்கிளாஸ்ல சிலேட்டு வாங்கித் தந்தேன். எழுதி எழுதி அழிச்ச. இப்ப பெரிய படிப்புன்னு சொல்லிட்டு மறுபடியும் சிலேட்டா? அதுவும் 24,000 ரூவாய்க்கா?"

அம்மா கிண்டலுக்குச் சொன்னாலும் கேள்வி சரியானது. சிலேட்டுல எழுதினது நிக்காது. 24,000 ரூபாய் சிலேட்டுல எழுதினது நிக்குமா? நிக்க வைக்கணும்னா என்ன பண்ணணும்?

வாங்குறதா இருந்தா பேனாவைப் பாருங்க

கடையில எல்லாரும் ரேம் எவ்வளவு, கேமரா எவ்வளவுன்னு கேப்பாங்க. நோட்ஸ் எழுதணும்னா முதல் கேள்வி பேனா. 200 ரூபாய்க்குக் கிடைக்குற ரப்பர் முனைக் குச்சி எழுதுறதுக்கு ஆகாது. ஸ்க்ரீனைப் பொறுத்தவரைக்கும் அது உங்க விரலுக்குப் பதில் ஒரு போலி விரல், அவ்வளவுதான். அழுத்தி எழுதினாலும் மெதுவா எழுதினாலும் அதுக்குத் தெரியாது. உங்க உள்ளங்கை ஸ்க்ரீன்ல பட்டா அதையும் எழுத்துன்னு நினைச்சுக் கோடு போடும்.

ஒழுங்கான பேனாவுல ரெண்டு ரகம் உண்டு. ஒரு ரகத்துல பேனாவுக்குள்ளேயே பேட்டரி இருக்கும், சார்ஜ் போடணும். ஆப்பிள் பென்சில் இந்த ரகம். இன்னொரு ரகத்துல எழுதுறதுக்குப் பேட்டரியே வேண்டாம். நம்ம டிபார்ட்மென்ட் ஆட்களுக்கு இது பிடிக்கும்: ஸ்க்ரீனுக்கு அடியில இருக்குற காயில்கள் ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கும். பேனாவுக்குள்ள இருக்குற குட்டி காயில் அதுல இருந்து சக்தியை வாங்கி, ரெசனன்ஸ் ஆகித் திருப்பி சிக்னல் அனுப்பும். வேக்கம் நிறுவனத்தோட எலக்ட்ரோமேக்னடிக் ரெசனன்ஸ் முறை இது. சாம்சங் எஸ் பென் இதுலதான் எழுதுது. மியூச்சுவல் இண்டக்டன்ஸ் எதுக்குப் படிக்கிறோம்னு கேக்குறவங்க இதைத் தெரிஞ்சுக்கங்க.

ரெண்டு ரகமும் நல்லாவே எழுதும். பேனா பெட்டியிலேயே வருதா, தனியா வாங்கணுமான்னு மட்டும் விசாரிங்க. தனி பேனா விலையைச் சேர்க்காமப் பட்ஜெட் போட்டா பின்னாடி வீட்டுல இன்னொரு தடவை கை நீட்டணும்.

எங்கே ஜெயிக்குது?

டிஜிட்டல் சிக்னல் பிராசசிங்ல 8-பாயின்ட் எஃப்எஃப்டி பட்டர்ஃப்ளை படம் ஞாபகம் இருக்கா? மூணு ஸ்டேஜ், ஸ்டேஜுக்கு நாலு பட்டர்ஃப்ளை, மொத்தம் 12. மேம் போர்டுல போடுற வேகத்துக்கு நோட்டுல ஸ்கேல் வச்சுப் போட்டா, நீங்க ரெண்டாவது ஸ்டேஜ்ல இருக்கும்போது அவங்க அடுத்த டாபிக்ல இருப்பாங்க. டேப்லெட்ல ஒரே ஒரு பட்டர்ஃப்ளை போடுங்க. லாஸோ டூல்ல சுத்தி வளைச்சு காப்பி, பேஸ்ட். 12ம் ரெடி. மிச்ச நேரத்துல ட்விடில் ஃபேக்டர் ஏன் அந்த இடத்துல அந்த மதிப்பு வருதுன்னு மேம் சொல்றதைக் காது கொடுத்துக் கேக்கலாம். கன்வல்யூஷனும் அப்படித்தான். சிக்னலை வரைஞ்சு, திருப்பிப் போட்டு, விரலால நகர்த்திப் பார்த்தா 'ஷிஃப்ட்'ங்கிற வார்த்தை அன்னைக்குத்தான் புரியும்.

அடுத்தது, இடம். நடுவுல ஒரு டெரிவேஷன் விட்டுப்போச்சுன்னா பக்கத்தைச் செருகலாம். மேம் அனுப்புற பிபிடியைப் பின்னணியா வச்சு அது மேலேயே எழுதலாம். ஐஐடிக்களும் ஐஐஎஸ்சியும் சேர்ந்து நடத்துற என்பிடெல் வீடியோவை ஒரு பாதியில ஓட விட்டு, இன்னொரு பாதியில நோட்ஸ் எடுக்கலாம். அதுக்குச் செலவு டேட்டா மட்டும்தான்.

மூணாவது, தேடல். ஒன்நோட், சாம்சங் நோட்ஸ், குட்நோட்ஸ் மாதிரி ஆப்கள் கையால எழுதின ஆங்கில வார்த்தையையும் தேடிக் கொடுக்கும். கையெழுத்து கொஞ்சமாவது படிக்கிற மாதிரி இருக்கணும். டாக்டர் எழுத்தை அதாலயும் படிக்க முடியாது.

இன்னொரு சந்தேகம் நிறைய பேருக்கு இருக்கு: "கையால எழுதினாத்தான் மனசுல நிக்கும்னு சொல்வாங்களே?" 2014ல அமெரிக்க ஆய்வாளர்கள் பாம் முல்லர், டேனியல் ஓப்பன்ஹைமர் ரெண்டு பேரும் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. லேப்டாப்ல டைப் பண்ணவங்க லெக்சரை வார்த்தைக்கு வார்த்தை அடிச்சாங்க. கையால எழுதினவங்க சுருக்கி, யோசிச்சு எழுதினதால கருத்து சார்ந்த கேள்விகளுக்கு நல்லா பதில் சொன்னாங்கன்னு முடிவு வந்துச்சு. பின்னாடி மத்தவங்க அதே சோதனையைத் திரும்பப் பண்ணினப்போ அந்த வித்தியாசம் அவ்வளவு தெளிவா வரலை. அதனால இதை வேதவாக்கா எடுத்துக்க வேண்டாம். 2024ல நார்வேயில 36 மாணவர்களை வச்சு, எழுதும்போதும் டைப் பண்ணும்போதும் மூளையில என்ன நடக்குதுன்னு இஇஜி எடுத்துப் பார்த்தாங்க. கையால எழுதும்போது மூளையோட பகுதிகளுக்கு இடையில இணைப்பு நிறைய தெரிஞ்சுது. அந்த மாணவர்கள் எழுதினது காகிதத்துல இல்ல, டச் ஸ்க்ரீன்ல டிஜிட்டல் பேனாவால! ஆகவே கவலைப்பட வேண்டியது ஸ்க்ரீனைப் பத்தி இல்ல. டேப்லெட் இருக்குன்னு போர்டைப் போட்டோ எடுத்துட்டு உக்கார்ந்திருந்தா, அது நோட்ஸ் எடுக்குற கணக்குலேயே வராது.

எங்கே தோக்குது?

முதல்ல, நம்ம காலேஜ்ல முழு பேப்பர்லெஸ் நடக்காது. லேப் அப்சர்வேஷன் காகிதம், ரெக்கார்டு காகிதம், அசைன்மென்ட் பாதிப் பேருக்குக் காகிதம், இன்டர்னல் காகிதம், செமஸ்டர் காகிதம். ஸ்டாஃப் ரெட் இங்க்ல கையெழுத்துப் போட டேப்லெட்டை நீட்ட முடியாது. பேப்பர் கம்மி ஆகும், இல்லாமப் போகாது.

ரெண்டாவது, இதுதான் முக்கியம்: எக்ஸாம் ஹால்ல காப்பி-பேஸ்ட் இல்ல. அன்டூ பட்டனும் இல்ல.

கணக்குப் போடுங்க. 3 மணி நேரம், 100 மார்க். பார்ட் ஏ-ல 10 ரெண்டு மார்க், பார்ட் பி-ல 5 பதிமூணு மார்க், பார்ட் சி-ல ஒரு பதினஞ்சு மார்க். ஒரு மார்க்குக்கு 1.8 நிமிஷம். 13 மார்க் கேள்விக்குக் கிடைக்குறது சுமாரா 23 நிமிஷம். அந்த எஃப்எஃப்டி கேள்வி வந்தா 12 பட்டர்ஃப்ளையையும் பென்சிலால நீங்களே போடணும், மதிப்பும் கண்டுபிடிக்கணும். மாடல் எக்ஸாமுக்கு ரெண்டு வாரம் முன்னாடி ஒரு ஏ4 தாள்ல டைம் வச்சுப் போட்டுப் பார்த்தேன். முதல் தடவை 31 நிமிஷம். மூணாவது தடவை 20. நடுவுல மாறினது கை மட்டும்தான், எஃப்எஃப்டி அதேதான்.

அதனால என் முறை இது: கிளாஸ்ல டேப்லெட், ரிவிஷன்ல காகிதம். ஒரு யூனிட் முடிஞ்சதும் டேப்லெட்டை மூடி வச்சுட்டு, ஏற்கனவே ஒரு பக்கம் பிரின்ட் ஆன பழைய தாளோட பின்பக்கத்துல, பார்க்காம எழுதிப் பார்ப்பேன். எது வரலையோ அதை மட்டும் திறந்து பார்ப்பேன். டேப்லெட் வாங்கின சீனியர்ஸ்ல சிலருக்கு நோட்ஸ் கண்காட்சிக்கு வைக்குற அளவுக்கு இருக்கும். எக்ஸாம் முடிஞ்சு வெளிய வந்து "டைம் பத்தலை"ம்பாங்க. அழகான நோட்ஸுக்கு மார்க் கிடையாது.

மூணாவது, நோட்டிஃபிகேஷன். நோட்டுல இன்ஸ்டாகிராம் வராது. கிளாஸ்ல டேப்லெட்டை ஏரோப்ளேன் மோட்ல போடுங்க. எழுத நெட் வேண்டாம். ஸ்டாஃப் சந்தேகமா பார்த்தா முதல் வாரமே போய் ஸ்க்ரீனைக் காட்டி, அனுமதி கேட்டுடுங்க. எங்க ஸ்டாஃப்ல ஒருத்தர் முதல்ல வேண்டாம்னுதான் சொன்னாங்க. ஒரு யூனிட் நோட்ஸைக் காட்டினதும் சரின்னுட்டாங்க. இப்போ அந்த நோட்ஸை வாங்கிப் பார்த்துட்டு, தான் போர்டுல போட்டதுல விட்டுப்போன ஒரு மைனஸ் குறியைச் சொல்லித் திருத்துறாங்க.

டேப்லெட்டும் வெள்ளத்துல போகும்

எங்க சீனியர் அண்ணா ஒருத்தரோட டேப்லெட், மாடல் எக்ஸாமுக்கு முந்தின வாரம் ஹாஸ்டல் படியில விழுந்து ஸ்க்ரீன் போயிடுச்சு. சர்வீஸ்ல சொன்ன விலைக்குப் பாதி டேப்லெட்டே வாங்கிடலாம். நோட்ஸ் எல்லாம் அதுக்குள்ள மட்டும்தான் இருந்துச்சு. வேற எங்கேயும் காப்பி இல்ல. அவருக்கு மழையும் வேண்டியிருக்கல, ஆறும் வேண்டியிருக்கல. ஒரு படி போதுமா இருந்துச்சு.

டேப்லெட்டுக்கு மாறிட்டா நோட்ஸ் பத்திரம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. ஒரே இடத்துல இருக்குற எதுவும் பத்திரம் இல்ல, காகிதமா இருந்தாலும் சரி, கண்ணாடியா இருந்தாலும் சரி. கம்ப்யூட்டர் ஆட்கள் சொல்ற ஒரு எளிய விதி உண்டு: மூணு காப்பி, ரெண்டு வேற வேற சாதனம், ஒண்ணு வேற ஊர்ல. நான் அதை எனக்கு ஏத்த மாதிரி மாத்தி வச்சிருக்கேன்.

ஒவ்வொரு வெள்ளிக்கிழமை சாயங்காலமும் அந்த வாரம் எழுதின எல்லாத்தையும் பிடிஎஃப் ஆக்குவேன். பேர் வைக்குறதுல ஒரு ஒழுங்கு: சப்ஜெக்ட், யூனிட் நம்பர், தேதி. ஒரு காப்பி கூகுள் டிரைவ்ல. இலவசமாக் கிடைக்குற 15 ஜிபி, வீடியோ எதுவும் போடாத வரைக்கும் நாலு வருஷ நோட்ஸுக்குத் தாராளம். ஒரு காப்பி பென் டிரைவ்ல. மூணாவது காப்பி கிளாஸ் குரூப்ல.

ஏன் பிடிஎஃப்? ஆப் வச்சிருக்குற சொந்த ஃபார்மட்டை அந்த ஆப் மட்டும்தான் திறக்கும். ஆப் மாறினா, விலை ஏறினா, உங்க நோட்ஸ் அவங்க கையில. 2021 நவம்பர்ல நோட்டபிலிட்டி ஆப், ஒரு தடவை காசு கொடுத்து வாங்குற முறையில இருந்து சந்தா முறைக்கு மாறுது. ஏற்கனவே வாங்கினவங்களுக்கும் ஒரு வருஷத்துக்கு அப்புறம் சில வசதிகள் போயிடும்னு அறிவிச்சாங்க. பயன்படுத்துறவங்க கொதிச்சு எழுந்ததும் உடனே பின்வாங்கினாங்க. அந்தத் தடவை பின்வாங்கினாங்க, எல்லாத் தடவையும் அப்படி நடக்கும்னு சொல்ல முடியாது. பிடிஎஃப் 1993ல அடோபி கொண்டு வந்தது. 2008ல ஐஎஸ்ஓ தரமாவே ஆகிடுச்சு. எந்த போன்லயும் திறக்கும், எந்த ஜெராக்ஸ் கடையிலயும் பிரின்ட் ஆகும்.

ஜெராக்ஸ் கடைன்னதும் ஞாபகம் வருது. எங்க கிளாஸ்ல கிட்டத்தட்ட 60 பேர். டேப்லெட் 9 பேர்கிட்ட இருக்கு. குரூப்ல நான் போடுற பிடிஎஃப்பை மத்தவங்க கேட் பக்கத்துக் கடையில பிரின்ட் எடுக்குறாங்க. 'பேப்பர்லெஸ்'னு பேர் எனக்கு, பேப்பர் அவங்க கையில! இதைப் பார்த்து ஒருத்தி கேட்டா: "அப்ப உன் டேப்லெட்டுக்கு என்னடி பிரயோஜனம்?" எனக்கு அதுல வருத்தம் ஒண்ணும் இல்ல. அந்தப் பிரின்ட்ல அவங்க ஓரத்துல எழுதுற குறிப்பு, என்கிட்ட இல்லாத குறிப்பு. அதைப் போட்டோ எடுத்துத் திருப்பி அனுப்புறாங்க. என் நோட்ஸ் வளருது. நான் லீவு போட்ட நாள்ல அவங்க நோட்ஸ் எனக்கு வருது.

டேப்லெட் வச்சிருக்குறவங்க ஒரு தனிக் குரூப் ஆரம்பிச்சு அவங்களுக்குள்ள மட்டும் ஃபைல் மாத்திக்குறதை நான் சில கிளாஸ்ல பார்க்குறேன். வேண்டாம் மக்களே. ஒரு நோட்டைக் கொடுத்தா எக்ஸாமுக்கு முந்தின நாள் திரும்பி வருமான்னு பயப்படலாம், நியாயம். பிடிஎஃப் கொடுத்தா நம்மகிட்ட என்ன குறையுது?

டேப்லெட் இல்லாதவங்களுக்கு

கடைசியா, இதை ஸ்கிப் பண்ணாம படிங்க. ஏன்னா இதைப் படிக்கிறவங்கள்ல பெரும்பாலானவங்க இந்த வகைதான்.

நான் சொன்னதுல முக்கால்வாசி பலன் உங்களுக்கு டேப்லெட் இல்லாமலேயே கிடைக்கும். நோட்டுலயே எழுதுங்க. முடிஞ்சா ஜெல் பேனாவை விட்டுட்டுப் பால்பாயின்ட்ல எழுதுங்க. சாயங்காலம் ஹாஸ்டலுக்கோ வீட்டுக்கோ வந்ததும் ஆண்ட்ராய்டு போன்ல கூகுள் டிரைவ் ஆப்பைத் திறந்தா 'ஸ்கேன்' இருக்கும். அன்னைக்கு எழுதின பக்கங்களை அதுல எடுங்க. நிழல் விழாம, வளையாம, தானே வெட்டி, ஒரே பிடிஎஃப் ஆக்கிக் கொடுக்கும். ஆறு பீரியடுக்கு அஞ்சு நிமிஷம் ஆகும். செலவு ஒண்ணும் இல்ல. இதைத் தினமும் பண்றவங்க நோட்ஸ், டேப்லெட் வச்சுக்கிட்டு பேக்கப் எடுக்காதவங்க நோட்ஸை விடப் பத்திரம்.

உங்களுக்கு டேப்லெட் உண்மையிலேயே தேவையான்னு கண்டுபிடிக்கவும் இதுதான் வழி. ஒரு மாசம் தினமும் ஸ்கேன் பண்ணிப் பாருங்க. பழக்கம் நின்னுடுச்சுன்னா, படம் வரையவும் திருத்தவும் இன்னும் வசதி வேணும்னு கை தானா கேட்டுச்சுன்னா, வீட்டுல மெதுவாப் பேசுங்க. பத்தாவது நாளே விட்டுட்டீங்கன்னா டேப்லெட் வாங்கினாலும் அது சீரியல் பார்க்கத்தான் போகும். அதுக்காக அம்மா அப்பாவைக் கடன் வாங்க வைக்காதீங்க. மாசம் வர்ற ஆயிரம் ரூபாய் உங்களுக்கு பஸ் பாஸ், மெஸ் பில், எக்ஸாம் ஃபீஸ் எல்லாம் பார்க்குதுன்னா, அது சரியான இடத்துலதான் போயிட்டு இருக்கு. யாரோ ஒருத்தர் பக்கத்து பெஞ்ச்ல பேனாவை ஸ்டைலா உருவுறாங்கன்னு அதைத் தொட வேண்டாம்.

கிளாஸா சேர்ந்து பண்ணினா இன்னும் சுலபம். ஆறு சப்ஜெக்ட், ஆறு பேர். ஆளுக்கு ஒரு சப்ஜெக்ட் பொறுப்பு. டேப்லெட் இருக்குறவங்க டேப்லெட்ல, இல்லாதவங்க நோட்டுல எழுதி ஸ்கேன் பண்ணி, வெள்ளிக்கிழமை ஒரே ஃபோல்டர்ல போட்டா, செமஸ்டர் முடியும்போது மொத்த கிளாஸுக்கும் அஞ்சு யூனிட்டும் ரெடியா இருக்கும். எங்க கிளாஸ்ல இது ரெண்டாவது செமஸ்டரா ஓடுது. அரியர் வச்சிருக்குற நண்பர்களுக்குப் பழைய ஃபோல்டர் லிங்க்தான் இப்போ பெரிய துணை.

"வொர்த்தா அக்கா?"ன்னு கேட்டவங்களுக்கு என் பதில்: எழுதின நோட்ஸ் உங்களைத் தவிர இன்னும் ரெண்டு பேர்கிட்ட இருந்தா, 70 ரூபாய் நோட்டும் வொர்த்து, 24,000 ரூபாய் டேப்லெட்டும் வொர்த்து. உங்ககிட்ட மட்டும்தான் இருக்குன்னா ரெண்டுமே சிலேட்டுதான்.

இன்னைக்கு ராத்திரி தூங்குறதுக்கு முன்னாடி ஏதாவது ஒரு சப்ஜெக்ட்ல ஒரே ஒரு யூனிட்டை ஸ்கேன் பண்ணி, உங்க பெஞ்ச் ஆட்களுக்கு அனுப்பிடுங்க. எந்த டேப்லெட் வாங்கலாம்னு நாளைக்குப் பேசிக்கலாம்.